கனகாம்பரம் கேமராவுக்கு அடங்குமா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வீட்டுப் பூக்களை போனில் படமெடுப்பவர்களுக்கு நிறம், நேரம், பெயர் என்று மூன்று சவால்கள். மூன்றுக்குமே புதுச்சேரியில் நீண்ட முன்கதை உண்டு.

கூடையில் இருக்கும் கனகாம்பரம் ஒரு நிறம். போனில் எடுத்த கனகாம்பரம் வேறு நிறம். கண்ணால் பார்க்கும்போது இதழில் மெல்லிய நரம்பு ஓடுகிறது, நடுவில் சற்றே மஞ்சள் படர்ந்திருக்கிறது, ஓரம் லேசாகச் சுருங்கியிருக்கிறது. திரையில் அதெல்லாம் போய், சாயத்தில் முக்கி எடுத்த காகிதத் துண்டு போல ஒரே ஆரஞ்சுப் பட்டையாக நிற்கிறது. விலை கூடிய போன் வாங்கினாலும் இந்தத் தொல்லை முழுசாகத் தீர்வதில்லை.

வில்லியனூர் பக்கத்தில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கனகாம்பரத்தின் நிறத்தையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவரின் ஊர் இந்த கொம்யூனில்தான் இருக்கிறது. ஊர் கூடப்பாக்கம். அந்த ஊர் விவசாயி வெங்கடபதி ரெட்டியார், கனகாம்பரத்திலும் சவுக்கிலும் புதிய ரகங்களை உருவாக்கியதற்காகப் பேசப்பட்டு, 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு செடிகளுக்குக் காமா கதிர் பாய்ச்சி, அதனால் வரும் மாற்றங்களில் தேறியவற்றைப் பொறுக்கி வளர்த்தவர். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. அதன் விற்பனை நிறத்தையும், வாடாமல் எத்தனை நேரம் தாங்கும் என்பதையும் நம்பியே நடக்கிறது. ஒரு ரகத்துக்கும் அடுத்த ரகத்துக்கும் நடுவே இருப்பது சில சமயம் மயிரிழை அளவு நிற வேறுபாடுதான். அந்த மயிரிழையைத்தான் போன் முதலில் விழுங்குகிறது.

பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் 2001-இல் வந்தது. தான் உருவாக்கிய ரகத்தை விவசாயியும் தன் பெயரில் பதிவுசெய்ய அது வழிவிட்டது. புதிய ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டதா, செடிக்குச் செடி ஒரே சீராக இருக்கிறதா, தலைமுறை மாறினாலும் நிலைக்கிறதா என்று அங்கே சோதிப்பார்கள். பூவின் நிறத்தைச் சொல்ல 'செம்மஞ்சள்' என்று எழுதினால் போதாது. லண்டன் அரச தோட்டக்கலைச் சங்கம் வெளியிடும் நிற அட்டைகளை இதழோடு சேர்த்து வைத்துப் பார்த்து, எந்த அட்டையோடு ஒத்துப்போகிறதோ அதன் எண்ணைக் குறிப்பது உலக நடைமுறை. வீட்டு வாசலில் நாலு செடி வைத்திருப்பவருக்கு அந்த அட்டை தேவையில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் யோசனை தேவைப்படும்.

சிவப்பு நிரம்பி வழியும்போது

போன் கேமராவின் சென்சார் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத்தான் அளக்கிறது. கனகாம்பரத்திலிருந்தும் செம்பருத்தியிலிருந்தும் வரும் ஒளியில் பெரும்பங்கு சிவப்பு. சுற்றிலும் கரும்பச்சை இலைகள் இருப்பதால், காட்சி இருட்டாக இருக்கிறது என்று போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டுகிறது. உடனே சிவப்பின் அளவு உச்சத்தைத் தொட்டு அங்கேயே முட்டி நின்றுவிடுகிறது. இதழில் எத்தனை மேடுபள்ளம் இருந்தாலும் எல்லாம் ஒரே எண்ணாகப் பதிகிறது. நரம்பு காணாமல் போவது அதனால்தான்.

திரையில் பூவின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும்வரை குறைத்துவிட்டு எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மங்கலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். முட்டி நின்ற சிவப்பை எந்தச் செயலியும் மீட்டுத் தராது. நேர் வெயிலைவிடத் திண்ணை நிழல் உத்தமம். பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து கூடுதலாக ஒரு படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. பின்னால் நிறம் திருத்தும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்படி சரிசெய்தால், பூவும் ஏறக்குறைய தன் நிறத்துக்கு வந்துவிடும். நிற அட்டையின் வேலையை ஏழை வீட்டுத் தாள் செய்கிற இடம் இது.

மல்லிக்கு வேறு மாதிரிப் பாடு. கறுப்புத் துணியில் வைத்தால் வெளுத்து உருவமே போய்விடுகிறது. சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வைத்தால் அழுக்கேறிய சாம்பலாகத் தெரிகிறது. எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயல்வது கேமராவின் பழக்கம். ஆகவே இருண்ட பின்னணியில் மல்லிக்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், வெள்ளைப் பின்னணியில் கூட்ட வேண்டும். 'போர்ட்ரெய்ட்' வசதியைப் பூவுக்கு நம்ப முடியாது. பின்னணியை மங்கவைக்கும் அந்தக் கணக்கு, செம்பருத்தியின் நடுத்தண்டில் நிற்கும் மகரந்தக் காம்புகளையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடுகிறது. பூவை ஒட்டிப் போய் எடுத்தால் போனின் நிழலே பூவின் மேல் விழும். இரண்டடி தள்ளி நின்று இரட்டிப்பு ஜூமில் எடுத்தால் நிழலும் விழாது, இதழின் வடிவமும் கோணாது.

இந்த ஊர்களின் வீடுகளே ஒளிக்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. பழைய ஓட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்கு நாள் முழுக்க வானத்தின் வெளிச்சம் வரும், வெயில் வராது. ஓடுகளுக்கு நடுவே பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கும் ஒற்றைக் கதிர், அடுக்களைத் தரையில் வைத்த ஒரு பூவுக்கு ஸ்டுடியோ விளக்கு. மாடி வீட்டில் வடக்கு பார்த்த ஜன்னல் அந்த வேலையைச் செய்யும். வெயில் நேரடியாக விழும் ஜன்னலில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் ஒளி மெத்தென்று பரவும்; எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் நிழல்பக்கமும் துலங்கும். கடல்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய காலைப் பொழுதில் காம்பு ஆடாது. பாத்திரத்துக்கும் அலைய வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் வேலை வில்லியனூருடையது. பளபளப்பில்லாத அந்தச் செம்மண் பரப்பு ஒளியைத் திருப்பி அடிக்காது. நந்தியாவட்டையின் வெள்ளையும் சங்குப்பூவின் நீலமும் அதன்மேல் எடுப்பாக நிற்கும்.

சோழமண்டலத் துணி, அல்சாஸ் கேமரா

பூவின் நிறத்தைத் துல்லியமாகப் பதிய வேண்டும் என்ற கவலை புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1734-ஐ ஒட்டி இங்கே வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியோ, பூ வரைந்த பருத்தித் துணிக்கு எப்படிச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று படிப்படியாக எழுதிவைத்தார். சொல்லால் நிறத்தைச் சொல்லிவிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு இணைத்துவிட்டார். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் கையெழுத்துப் படி துணித் துண்டுகளோடு இன்றும் இருக்கிறது.

சோழமண்டலக் கரையிலிருந்து போன பூத்துணிகளுக்கு ஐரோப்பாவில் பித்தே பிடித்திருந்த காலம் அது. அவற்றைப் பார்த்துத் தாங்களே அச்சிட ஆரம்பித்த ஊர்களில் ஒன்று அல்சாஸ் பகுதியின் மூலூஸ். அங்கே முதல் துணி அச்சுப் பட்டறை 1746-இல் தொடங்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து அதே துணித் தொழிலிலிருந்து அடோல்ப் பிரோன் என்ற வடிவமைப்பாளர் கேமராவைக் கையில் எடுத்தார். துணிக்கும் சுவர்த்தாளுக்கும் பூ வரைபவர்கள் பார்த்து வரைய வேண்டும் என்பதற்காக, 1850-களின் நடுவில் சுமார் 300 பூப்படங்களை எடுத்தார். கொடி, கொத்து, மாலை என்று எல்லாம் அதில் இருந்தன. 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவற்றுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கேமரா பூவைப் பெரிய அளவில் தேடிப் போனதன் தொடக்கக் கதைகளில் ஒன்றின் வேர், சுற்றி வளைத்துப் பார்த்தால் இந்தக் கரையின் சாயத் தொட்டிகளில் முடிகிறது.

பிரோனின் படங்களில் ஒரு குறை இருந்தது. நிறம் இல்லை. செடியியலாளர்களுக்கும் அதே குறைதான். புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826-இல் உருவானது. பிறகு அங்கே நீண்ட காலம் பணியாற்றிய தாவரவியலாளர் பெரோத்தே 1870-இல் இந்த ஊரிலேயே காலமானார். செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பதுதான் அவர்கள் கையாண்ட முறை. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரக் காப்பகத்திலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள் அப்படித்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இலையின் நரம்பும் காம்பின் வளைவும் நூறாண்டு நிற்கும். நீலமும் சிவப்பும் பெரும்பாலும் பழுப்பாகிவிடும். அதனால்தான் சேகரிப்பவர்கள் பறித்த அன்றே பூவின் நிறத்தைக் குறிப்பில் எழுதினார்கள். இன்று கூடவே ஒரு படமும் எடுத்துவிடுகிறார்கள்.

கண்ணாடி முன் ஒரு சடை

தமிழ் வீடுகளில் பூவுக்காகவே எடுத்த முதல் படம் எது என்று கேட்டால், பழைய ஆல்பங்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். பூத் தைத்த சடைப் படம்.

மல்லி மொட்டுகளை வாழைப்பட்டையிலோ அட்டையிலோ வரிசையாகத் தைத்து, நடுவே கனகாம்பரமும் மருக்கொழுந்தும் வைத்து, பின்னலின் மேல் உச்சி முதல் குஞ்சலம் வரை கட்டுவார்கள். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கல்யாணம் என்று விசேஷம் எதுவானாலும் சடை உண்டு. மல்லி மலிந்த கோடை விடுமுறையில் விசேஷம் இல்லாமலேயே சிறுமிகளுக்குத் தைத்துவிடும் வீடுகளும் இருந்தன. மாலைக்குள் மொட்டு விரிந்துவிடும், இரவுக்குள் வாடிவிடும். ஆகவே நேரே ஸ்டுடியோவுக்கு. ஸ்டுடியோக்காரருக்கு ஒரு சங்கடம்: சடை முதுகில் இருக்கிறது, முகம் முன்னால் இருக்கிறது. ஆள் உயரக் கண்ணாடியைப் பின்னால் நிறுத்தி இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பூவைப் படமெடுப்பதற்கென்றே தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் வளர்த்தெடுத்த உத்தி அது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் கனகாம்பரத்தின் கதி இன்னும் மோசம். பழைய பிலிம் வகைகள் சிவப்பை உணராதவை. மல்லி பளிச்சென்று விழும். செம்மஞ்சள் கனகாம்பரம் கறுத்து, கருங்கூந்தலோடு கலந்து, சரத்தில் ஓட்டை விழுந்தது மாதிரித் தெரியும். சிவப்பையும் உணரும் பிலிம் பரவிய பிறகுதான் அது சாம்பலாகவாவது வெளிப்பட்டது. கையால் வண்ணம் தீட்டத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் தூரிகையால் நிறத்தைத் திருப்பிக் கொடுத்தார். இன்று போன் அளவுக்கு மீறி ஆரஞ்சாக்குகிறது. அன்று பிலிம் கறுப்பாக்கியது. இப்படிப்பட்ட ஸ்டுடியோப் படங்களை வீடு வீடாக, கடை கடையாகத் தேடி எண்மமாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் செய்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள் ஒரு பூக் கடிகாரம்

நிறத்தைச் சரிசெய்தவருக்கு அடுத்து வருவது நேரச் சிக்கல். எந்தப் பூ எந்த மணிக்கு விரியும் என்று பார்த்து வரிசைப்படுத்தினால் கடிகாரமே தேவையில்லை என்று சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-இல் எழுதினார். பாகூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் வாசலையும் தோட்டத்தையும் வைத்தே அப்படி ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

இரவில் விரிந்த பவழமல்லி விடியும்போது உதிர்ந்து கிடக்கும். செடியில் தேடுவதைவிடத் தரையோடு குனிந்து எடுத்தால்தான் அந்தப் பூவின் படம். மார்கழியில் அதே நேரத்தில் வாசலில் கோலம் முடிந்து, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகியிருக்கும். அந்த மாதத்தில் இங்கே சூரியன் எழ ஆறரை மணியை ஒட்டிவிடும். அதற்கு முந்தைய வெளிச்சம் நீலம் கலந்தது, நிழலே இல்லாதது. கோலத்தின் வெள்ளையும் பூவின் மஞ்சளும் ஒன்றையொன்று அடிக்காமல் பதிய அந்த அரைமணி நேரம்தான் தோது. வெயில் ஏறினால் பூசணிப்பூ சுருண்டுவிடும்.

எட்டு மணிக்குச் செம்பருத்தியும் சங்குப்பூவும். பத்து மணிப்பூ என்று பெயரே வாங்கிய டேபிள் ரோஸ் வெயில் உறைத்தால்தான் முழுசாக விரியும்; அதை நிழலில் எடுக்க நினைப்பவர் ஏமாறுவார். நான்கு மணிக்கு மேல் அந்திமந்தாரை. விடிவதற்கு முன்பே கொல்லையில் இறங்கி மொட்டாகப் பறித்த மல்லி, கட்டிய சரத்தில் இருந்தபடியே மாலையில் வாய் திறக்கிறது. மொட்டும் விரிந்த பூவும் ஒரே சரத்தில் இருக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும். பூக்கட்டும் பெண்களின் கைகளோடு சேர்த்து எடுக்க அதுவே சமயம்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்குத்தான் இந்தக் கடிகாரம் நன்றாகப் பிடிபடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாம் 1920-களில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில், மூன்று சிறு பையன்களை வைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போக வழியில்லாமல் இருந்தார். தோட்டத்தில் வளர்ந்த செடிகளையே, பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே, கிடைத்த இடைவெளிகளில் எடுத்தார். 1925-இல் எடுத்த அவரது மக்னோலியா இன்று உலகம் அறிந்த பூப்படங்களில் ஒன்று. 1929-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நடந்த புகழ்பெற்ற புகைப்படக் கண்காட்சிக்கும் அவருடைய படங்கள் போயின. பெர்லின் ஆசிரியர் கார்ல் பிளாஸ்பெல்ட்டோ பூக்கடைப் பக்கமே போகவில்லை. சாலையோரத்திலும் ரயில் பாதைச் சரிவிலும் கிடைத்த களைகளைத் தானே செய்த கேமராவில் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். 1928-இல் அவை நூலாக வந்தபோது கட்டடக் கலைஞர்களும் ஓவியர்களும் வியந்தார்கள். வரப்பில் நிற்கும் தும்பையும், வேலியோர எருக்கின் மெழுகுக் கிரீடமும், காலில் குத்தும் நெருஞ்சியின் மஞ்சளும் பிளாஸ்பெல்ட் கையில் சிக்கியிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

கடிகாரத்தின் கடைசி மணி இரவில் அடிக்கிறது. பிரம்ம கமலம் மொட்டு விட்ட வீட்டில் அன்று தூக்கம் கிடையாது. இருட்டிய பிறகு மெல்ல விரியத் தொடங்கி, நள்ளிரவில் முழுசாகத் திறந்து, விடிவதற்குள் தலை தொங்கிவிடும். கற்பூரம் காட்டும் வீடுகளும் உண்டு. அக்கம்பக்கத்தார் கையில் போனோடு வந்து சுற்றி நிற்பார்கள். எல்லோரும் ஒரே தவற்றைச் செய்வார்கள்: பிளாஷ். நேருக்கு நேர் அடிக்கும் பிளாஷில் வெள்ளை இதழ் சுவர்போலத் தட்டையாகிவிடுகிறது. இன்னொரு போனின் டார்ச்சை மெல்லிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் பிடித்து, பக்கவாட்டிலிருந்து காட்டினால் இதழ் அடுக்குகளுக்கு நடுவே நிழல் விழும், குடம் போன்ற உட்புறம் தெரியும். போனை ஏதாவது ஒன்றில் சாய்த்து வைத்து டைம்லாப்ஸ் ஓடவிட்டால் விரியும் காட்சியே கிடைத்துவிடும்.

இதே காட்சிக்கு 1910-இல் பெர்சி ஸ்மித் பட்ட பாடு கொஞ்சமல்ல. லண்டனின் சவுத்கேட் பகுதியில் இருந்த தன் வீட்டிலேயே கருவிகளைச் செய்து, பூக்கள் விரிவதைச் சினிமாவாக எடுத்தவர் அவர். நடுராத்திரியில் பிலிம் தீர்ந்தால் தன்னை எழுப்ப, வீட்டுக்குள் மணிகளைக் கட்டி வைத்திருந்தார். 'பூவின் பிறப்பு' என்ற அந்தப் படம் திரையிட்ட இடங்களில் கூட்டத்தை அள்ளியது.

தேதி இல்லாத படம்

நேரம் பார்த்து எடுத்த படத்துக்கும் தேதி இல்லாவிட்டால் பாதி மதிப்புப் போய்விடுகிறது. இதைப் புரியவைக்க அமெரிக்காவின் லோவல் நகரத்துக் கல்லறைத் தோட்டம் போதும். 1868 மே 30 அன்று அங்கே எடுத்த ஒரு படத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. 2005-இல் அதே மே 30 அன்று, அதே இடத்தில் நின்று எடுத்த படத்தில் மரங்கள் தழைத்துக் கிடக்கின்றன. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பழைய படங்களையும் உலர்தாவரத் தாள்களையும் ஒப்பிட்டு, பூக்கும் காலமும் தழைக்கும் காலமும் முன்னே நகர்ந்திருப்பதை 2006-இல் எழுதினார்கள். கல்லறைக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்களை எடுத்த படம், எடுத்தவர் நினைத்தே பார்க்காத வேலைக்குப் பயன்பட்டது. காரணம், அதில் நாள் இருந்தது.

இந்தியாவில் 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் பங்கேற்புத் திட்டம் இதையே மரங்களுக்குச் செய்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம்தோறும் அதில் தளிர், பூ, காய் எப்படி இருக்கிறது என்று பள்ளி மாணவர்களும் மற்றவர்களும் குறித்து அனுப்புகிறார்கள். தெருமுனைக் கொன்றையும் வேம்பும் புங்கமும் எந்த வாரத்தில் பூத்தன என்பதற்கு வீட்டு மாடியிலிருந்து எடுத்த படமே சாட்சி ஆகலாம்.

பாகூருக்கு நாள் குறிப்பதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி செப்பேட்டில் ஆட்சியாண்டோடு பதிந்திருக்கிறது. மூலநாதர் கோயில் சுவரின் சோழர் கல்வெட்டுகளிலும் ஆட்சியாண்டு தவறாது. வாட்ஸ்அப் படத்தில்தான் தவறிவிடுகிறது. படமாக அனுப்பும்போது அளவு சுருங்குகிறது. எடுத்த நாள், இடம் பற்றிய உட்குறிப்பும் கழன்றுவிடுகிறது. நாலு குழுக்களைச் சுற்றி வந்த செம்பருத்தி எந்த ஊரில் எந்த ஆண்டு பூத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்குமென்ட் வடிவத்தில் அனுப்பினால் குறிப்பு அப்படியே போகும். அதே காரணத்தால், முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும் இடத்தில் போடும்போது வீட்டின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காமல் இடக்குறிப்பை நீக்கிவிடுவதும் நல்லது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை பொங்கி பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. சங்கராபரணி வில்லியனூர்ப் பக்கம் கரையை மீறியது. தண்ணீர் நின்ற தோட்டத்தில் எந்தச் செடி அழுகியது, எது தாக்குப்பிடித்தது, எது எத்தனை வாரம் கழித்து முதல் மொட்டு விட்டது என்பதெல்லாம் தோட்டம் வைத்திருப்பவருக்கு அடுத்த மழைக்கும் தேவைப்படும் செய்தி. போனில் தேதி வாரியாகப் புரட்டினால் அது அவரவர் கையிலேயே இருக்கிறது, இடையில் யாரும் இடம் போதவில்லை என்று அழித்துவிடாமல் இருந்தால்.

இலையையும் எடுக்க வேண்டும்

மூன்றாவது சவால் பெயர். பூக்களுக்குப் புதிதாகப் பெயர் வைத்ததிலும் புதுச்சேரிக்குத் தனி வரலாறு உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை ஏறக்குறைய 900 பூக்களுக்கு அவற்றின் ஆன்மிகப் பொருளைச் சொல்லிப் பெயரிட்டார். மல்லிகைக்குத் தூய்மை, துளசிக்குப் பக்தி, நித்தியகல்யாணிக்கு முன்னேற்றம். 2007-இல் புதுச்சேரியின் மாநிலப் பூவாக அறிவிக்கப்பட்ட நாகலிங்கத்துக்கு வளம். ஒவ்வொரு பூவையும் அடையாளம் காணப் படங்களோடும் தாவரவியல் பெயர்களோடும் அவை பின்னர் நூலாக வந்தன. பெயரைச் சொன்னால் போதாது, எந்தப் பூ என்று காட்டவும் வேண்டியிருந்தது.

வீட்டுப் படங்களில் பெயர்க் குழப்பத்துக்குப் பஞ்சமில்லை. நம் ஊரில் பிரம்ம கமலம் என்று கற்பூரம் காட்டுவது மெக்சிகோ, குவாதமாலா பக்கத்திலிருந்து வந்த கள்ளி இனம். உத்தராகண்டின் மாநிலப் பூவான பிரம்ம கமலம் இமயத்தின் உயரத்தில் வளர்கிற முற்றிலும் வேறு செடி. பூவை மட்டும் நெருக்கிப் பிடித்த படத்தில் இந்த வழக்கு நீளும். இலைபோலத் தட்டையாக நீண்ட கள்ளித் தண்டும் சேர்ந்து தெரிந்தால் அப்போதே தீர்ந்துவிடும்.

மல்லி இனங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சரமாகக் கட்டியபின் குண்டுமல்லி, முல்லை, ஜாதிமல்லி மூன்றையும் மூக்குதான் பிரித்தறிய வேண்டும், படத்துக்கு மூக்கில்லை. செடியில் இருக்கும்போது இலை சொல்லிவிடும். குண்டுமல்லிக்கு ஒற்றை இலை. முல்லையில் பெரிய இலைக்கு அடியில் இரு பக்கமும் காதுமடல் போல இரண்டு குட்டி இலைகள் ஒட்டியிருக்கும். ஜாதிமல்லியின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும்.

2008-இல் தொடங்கிய இந்திய பல்லுயிர் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் செடியின் படத்தை ஏற்றலாம். அதை உருவாக்கியவர்களில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் உண்டு. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். இதற்குப் பூவின் முகம் மட்டும் போதாது. பூ ஒன்று, இலையின் முன்புறமும் பின்புறமும் ஒன்று, முழுச் செடி ஒன்று, காய் இருந்தால் அதுவும் ஒன்று என்று எடுத்து, நாளும் ஊரும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஊர் என்ற இடத்தில் புதுச்சேரி என்று மட்டும் போடாமல் திருக்காஞ்சி, குருவிநத்தம், கிருமாம்பாக்கம் என்று குறிப்பிட்டால், ஆற்றங்கரைச் செடி எது, ஏரிக்கரைச் செடி எது, கடலோர மணல் செடி எது என்று பின்னால் பிரித்துப் பார்க்க வழியுண்டு.